மகன் அனுப்பும் பணம்

எந்த வருமானம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை ஆழமாக்குகிறது, எது தூர்க்கிறது என்று கண்டறியும் கணக்கெடுப்புக்காக, சுகிர்தா காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த டேப்லெட் காட்டும் கேள்வியை அப்படியே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. “வீட்டுக்கு எதிலேருந்து வருமானம் வருது பெரியம்மா? கூலியா, பென்ஷனா, வட்டியா, வெளிநாட்டுப் பணமா?” எதிரே உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் பாஸ்புக்கை நீட்டினாள். தகரக்கூரை வீட்டுக்குச் சற்றும் பொருந்தாத தொகை டெபாசிட்டில் கிடந்தது; மாதாமாதம் அதன் வட்டி வரவாகியிருந்தது. “வெளிநாட்டுல கட்டடச் சாரம் சரிஞ்சு எம்மவன் தினகரு போயிட்டான். கம்பெனிக்காரன் குடுத்தது.” சுகிர்தாவின் விரல் ‘வட்டி’யைத் தொடப் போனது. பஞ்சவர்ணம் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “வட்டின்னு போடாத தாயி. எம்புள்ளய வச்சு வட்டி திங்கிறவளா நான்? அவன் இருந்தப்பயும் மாசாமாசம் வந்துச்சு, இப்பயும் வருது. மவன் அனுப்புறான்னு போடு.” தப்பு என்று தெரிந்தும் சுகிர்தா ‘வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவது’ என்பதைத் தொட்டாள். திரை மாறியது. காலையிலிருந்து வாசித்துப் பழகிய வாய், மனசு சுதாரிப்பதற்குள் முந்திக்கொண்டது: “அனுப்புபவர் அடுத்து எப்போது ஊருக்கு வருவார்?” கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. டேப்லெட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் அழவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதுபோல வாசலையே பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள். “தைக்குன்னு போடு தாயி,” என்றாள். “அப்படித்தான் சொல்லிட்டுப் போனான்.”