பேசாத கேப்டன்

"அண்ணே, ஸ்கோர் என்னாச்சு?"

கோர்ட் வராந்தாவில் உள்ளங்கைக்குள் போனை மறைத்து, சத்தத்தை அடைத்துவிட்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த சிப்பந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தார். பெஞ்சின் இடது ஓரத்தில் இருந்தவர்தான் கேட்டார். சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்ததால் எலக்ட்ரீஷியன் என்று தெரிந்தது.

சிப்பந்திக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். உள்ளே நீதிபதி ஏதோ உத்தரவு எழுதிக்கொண்டிருக்கிறார். மணி அடிக்கும்வரை அடுத்த நம்பரைக் கூப்பிடும் வேலையும் இல்லை. அங்கே வெளிநாட்டு மண்ணில் நாலாவது டெஸ்ட்டின் கடைசி நாள்.

"எட்டு விக்கெட் எடுத்துட்டோம் சார். ஆனா அவங்களுக்கு இன்னும் நாற்பது ரன்தான் வேணும். நம்ம கேப்டன், கேட்ச் பிடிக்கக் கிட்டத்துல நின்ன ரெண்டு ஸ்லிப்பையும் எடுத்து பவுண்டரிக்கு அனுப்பிட்டார்."

"கிழிஞ்சது போங்க!" என்று பெஞ்சின் வலது ஓரத்திலிருந்து ஒரு குரல். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், வேலைக்குப் போகிற வழியில் வந்தவள் போல. இருவருக்கும் நடுவில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். "ஜெயிக்கிற மேட்ச்சைத் தட்டுல வச்சுக் கொடுக்கிறாரே!"

எலக்ட்ரீஷியன் சிப்பந்தியைப் பார்த்தே பதில் சொன்னார். "அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே, கேப்டன் ஒரு திட்டத்தோடதான் நிக்கிறார். நல்லா ஆடறவனுக்கு ஒரு ரன் விட்டுக் கொடுத்து, ஆடத் தெரியாதவனை முன்னாடி கொண்டுவரப் பார்க்கிறார்."

"அந்தத் திட்டம் பவுலருக்குத் தெரியுமான்னு அவரைக் கேளுங்கண்ணே."

இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி சிப்பந்திக்குக் கழுத்து வலித்தது. முன்பின் தெரியாதவர்கள், கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"பழைய கேப்டன் பந்துக்குப் பந்து ஓடிப்போய்ப் பேசினாரே, என்ன ஆச்சு? போன டூர்ல மூணு டெஸ்ட் தோத்தோம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"தோத்தோம்தான். ஆனா ஒருத்தன் அடி வாங்கினா அவன் தோள்ல கை போடுவார். இவர் என்னடான்னா இடுப்புல கைய வச்சுக்கிட்டு நாலாவது ஸ்டம்ப் மாதிரி நிக்கிறார்!"

சிப்பந்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. இந்தமுறை நேராக அவள் பக்கமே திரும்பினார்.

"சிலருக்கு வெளியில காட்டத் தெரியாது. அதுக்காக மனசுல ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுமா?"

"மனசுல இருக்கிறதை ஸ்கோர் போர்டுலயா எழுதிக் காட்டுவாங்க? வாயத் திறந்தாத்தானே தெரியும்?"

பெரியவர் விழித்துக்கொண்டார். "ஏம்மா, மனுஷன் அசந்து தூங்கினது தப்பா? சண்டை போடறதா இருந்தா பக்கத்துல பக்கத்துல உக்காந்து போடுங்க" என்று அவளை எழுப்பி நடுவில் உட்காரவைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார்.

சிப்பந்தி போனை இருவருக்கும் நடுவில் நீட்டினார். மூன்று தலைகளும் குனிந்தன. பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

"ச்சே!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

'நல்ல ஜோடி. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகாம இருந்தா நானே பேசி முடிச்சுடுவேன்' என்று சிப்பந்தி மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

நர்ஸின் குரல் தணிந்திருந்தது. "பாவம், அந்த பவுலருக்கு இதுதான் முதல் டூர். அடி வாங்கிட்டு ஒத்தையில திரும்பி நடக்கிறான் பாருங்க. அந்த நடை எவ்வளவு நீளம்னு கேப்டனுக்குத் தெரியுமா?"

எலக்ட்ரீஷியன் டெஸ்டரை எடுத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பையில் செருகினார்.

"தெரியாம இருந்திருக்கலாம். இல்லேன்னா, கிட்டப் போனா திட்ட வர்றார்னு அவன் நினைச்சுக்குவானோன்னு தயங்கியிருக்கலாம்."

"கேப்டனுக்குக்கூடவா பயம்?"

"கேப்டனுக்குத்தான் ஜாஸ்தி."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, கேப்டன் போறாருங்க!" சிப்பந்தி துள்ளினார். திரையில் கேப்டன் பவுலரிடம் நடந்து போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். பவுலர் தலையாட்டினான். ஓடி வந்தான். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து நேரே கீப்பர் கைக்குள்.

"ஒன்பதாவது!" சிப்பந்தி கத்தியே விட்டார். பெரியவர் தூக்கத்திலேயே நெளிந்தார்.

"என்ன சொல்லியிருப்பார்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"என்ன சொன்னா என்ன? வந்தார் இல்ல, அது போதும்."

உள்ளே மணி அடித்தது. இன்னும் ஒரே ஒரு விக்கெட்! சிப்பந்தி மனசில்லாமல் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கதவருகே நின்று குரல் கொடுத்தார்.

"நம்பர் பதினேழு!"

எலக்ட்ரீஷியன் எழுந்தார். நர்ஸும் எழுந்தாள். சிப்பந்தி ஒன்றும் புரியாமல் இருவரையும் உள்ளே விட்டார்.

வக்கீல் கேஸ் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஐயா, கணவனும் மனைவியும் பிரிஞ்சு பதினெட்டு மாசம் ஆச்சு. இவங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. ரெண்டு தரப்புக்கும் சம்மதம், விவாகரத்து கொடுத்துடலாம்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்படித்தானா?"

எலக்ட்ரீஷியன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் அப்படித்தாங்க ஐயா. இன்னைக்குப் பேச ஆரம்பிச்சுட்டோம், இன்னும் பேசி முடிக்கலை."