சுத்துதா அக்கா?

கண்ணை மூடிய கருப்புக் கண்ணாடிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் கிரேன் ஓட்டுகிறவள் சிரித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

இன்றைக்கு இந்தக் காதுப் பரிசோதனையில் தேறிவிட்டால் திங்கட்கிழமையே கிரேனில் ஏறிவிடலாம். நாற்பது மாடி உயரத்தில் அவளுடைய கண்ணாடிக் கூண்டு. ஏழு மாதமாக அதில் வேறு எவனோ உட்கார்ந்திருக்கிறான். இருக்கையைக்கூடத் தன் உயரத்துக்கு மாற்றியிருப்பான், பாவி.

உள்காதில் வந்த நோய், உடம்பை நிலையாய் வைத்திருக்கும் நரம்பைத் தாக்கி, ஒரு காலையில் அவளைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளியது.

அப்போது நடந்த முதல் பரிசோதனை அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. காதுக்குள் தண்ணீர் விட்டார்கள். வலது காதில் விட்டதும் அறையே பம்பரமாய்ச் சுழன்றது. இடது காதில் விட்டபோது ஒன்றுமே ஆகவில்லை.

ஒரு காது நரம்பு வேலையே செய்யவில்லை, அது தேறாமல் மேலே ஏறக்கூடாது என்றார் டாக்டர். எந்தக் காது என்று அவள் கேட்கவில்லை. சுற்றிய காதுதானே கெட்ட காது, அதைக்கூடவா கேட்பார்கள்?

அன்றிலிருந்து வீட்டில் கணவனுக்கு ஒரு வேலை. அவளைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிவிட வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தலைசுற்றலை முகத்தில் காட்டாமல் பழகினாள். இப்போது அவனும் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

"பேசிக்கிட்டே இருங்கக்கா, இல்லன்னா சோதனை கெட்டுடும். வீட்டுக்காரர் சொந்தமெல்லாம் வரிசையா சொல்லுங்க," என்றாள் பரிசோதிக்கும் பெண்.

வலது காதில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர் இறங்கியது.

"பெரிய நாத்தனார், நடு நாத்தனார்..." சின்ன நாத்தனார் வருவதற்குள் உலகம் கிளம்பிவிட்டது.

"சுத்துதா அக்கா?"

"இல்லவே இல்ல."

ஒரு கண்டம் தாண்டியாயிற்று. அடுத்தது இடது. அது செல்லப்பிள்ளை, கவலையே இல்லை.

கொஞ்சம் ஓய்வுக்குப் பின் தண்ணீர் இறங்கியது. "மாமியார், மாமியாரோட தங்கச்சி..."

கட்டில் மெல்லச் சாய்ந்தது. பிறகு சுழன்றது.

நல்ல காதும் போச்சா? மாமியாரின் தங்கச்சியை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூண்டு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சுத்துதா அக்கா?" அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது.

"துளிகூட இல்ல."

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "டாக்டர், ஓடி வாங்க!"

மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடியைக் கழற்றியபோது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் படாமலிருக்கத்தான் கண்ணாடி என்று இவள் நினைத்திருந்தாள். அதற்குள் கேமரா இருந்திருக்கிறது. திரையில் அவளுடைய இரண்டு கண்களும் சற்றுமுன் துடித்த துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"வாய் இல்லங்குது, கண்ணு ஆமாங்குது. தண்ணி பட்டா சுத்தணும்க்கா! சுத்தினாத்தான் நரம்புக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். செத்துக் கிடந்த இடது காது முழிச்சிருச்சு!"

இடதா? அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. சுற்றாத இடதுதான் கெட்ட காது; ஏழு மாதமாகத் தலைகீழாய் நினைத்திருக்கிறாள்.

டாக்டர் தாளில் இருந்த இரண்டு 'இல்லை'களையும் பேனாவால் தட்டினார். "நெஜமாவே சுத்தலன்னா மேல ஏற விட்டிருக்க மாட்டேன். இப்ப சொல்லுங்க, என்ன எழுதட்டும்?"

அறை இன்னும் லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவள் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டடமே கேட்கும்படி கத்தினாள்.

"சுத்துது டாக்டர்! ரெண்டு காதும் நல்லா சுத்துது!"

கதவுக்கு வெளியே கணவன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அடிப் பாவி! இவ்வளவு பழகியும் உளறிட்டியே!"