இடது கன்னம்

"ஜன்னல் இடப்பக்கம். அப்ப இடது கன்னம் எப்படிக் கறுக்கும்?"

ஆன்லைன் ஓவிய வகுப்பில், 'மின்மினி' என்ற புனைபெயரில் வந்த பெண்முகப் படத்தை ஆசிரியர் கிழித்துத் தொங்கவிட்டார்.

'பார்த்துதான் சார் வரைஞ்சேன்' என்று எழுத்தில் பதில் வந்தது.

"பார்த்த லட்சணமா இது? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

வகுப்பே சிரித்தது. அவரே திரையில் அந்தக் கறுப்பை அழித்தார். "இப்ப சரியா இருக்கு."

வகுப்பு முடிந்ததும் அவர் அறைக் கதவு திறந்தது. கையில் டேப்லெட்டோடு மகள். அதில் அதே படம். அம்மாவை இழுத்து வந்து ஜன்னலோரம் நிறுத்தினாள்.

முழு வெளிச்சத்திலும் அம்மாவின் இடது கன்னம், நேற்று அவர் அறைந்த இடம், கன்றிக் கறுத்திருந்தது.

"இதையும் அழிச்சுக் காட்டுங்கப்பா."

அவர் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"இப்ப சரியா இருக்கு."