ஊதுறவரை நிறுத்துங்க

ஏலக்காய்த் தோட்ட மேனேஜர் உக்கிரபாண்டி, அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ் இசைத்தட்டைச் சுழலவிட்டார். டிரம்ஸ், கிடார், சாக்சபோன் எல்லாவற்றுக்கும் நடுவே, எதிரே நின்ற தோட்டக் கூலி முத்துப்பேச்சியின் தாலாட்டு. போன வருஷம் போடிமெட்டுக்கு வந்த வெள்ளைக்காரர், காய் எடுக்கும் இடத்திலேயே பதிவு செய்துகொண்டு போனது.

"உன் குரலை உலகமே கேக்குது, முத்துப்பேச்சி!"

"அந்த ஊதுறவரை மட்டும் நிப்பாட்ட முடியுமாய்யா?"

அவர் சிரித்தார். "ஏன், உன் பாட்டை அமுக்குறாரா?"

"எம்பாட்டு கெடக்கட்டும்யா. அன்னிக்கு மரத்துல கட்டுன தொட்டில்ல எம்புள்ள சிணுங்குச்சு. இவரு ஊதுறதுல அது கேக்க மாட்டேங்குது."

"புள்ள சிணுங்குறதையா? அதைத்தான் வீட்டுல தெனமும் கேக்குறியே!"



"போன மழையில அதைப் பொதைக்கத்தானேய்யா நீங்க அரைநாள் லீவு குடுத்தீக?"