புலிக்கு வயிற்று வலி

"இதுக்குப் பேரு நீதிக் கதையா?"

புஷ்பவள்ளிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

கணவர் சதாசிவம் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வீட்டுக்குப் பின்னால் புலியின் கால்தடம் கிடந்ததாக, பால்மரம் சீவப் போனவர்கள் போன வாரம் சொன்னார்கள். நாலு வயது மகளோ கொஞ்சம் கண்ணசந்தால் அங்கேதான் ஓடுகிறாள்.

அவளைப் பயமுறுத்தி வைக்கத்தான் புஷ்பவள்ளி நீதிக் கதைப் புத்தகம் கேட்டாள். அவரும் ஜொகூர் பாருவிலிருந்து வாங்கி வந்தார். கான்வென்ட்டில் இங்கிலீஷ் படித்தவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். அதனால் நேற்றுச் சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவரே வாசித்துக் காட்டினார்.

அம்மா சொல்லைக் கேட்காத ஆட்டுக்குட்டி வேலி தாண்டிக் காட்டுக்குப் போகிறது. புலி வருகிறது. ஆனால் புலிக்கு அன்றைக்கு வயிற்று வலி. "வீட்டுக்குப் போ, உங்கம்மா தேடுவா" என்று குட்டியை அனுப்பிவிடுகிறது.

"எந்த ஊர்ப் புலிங்க இது?" காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அதுவும் தின்கிற ஜீவன்தானே, புஷ்பம். வயிறு சும்மா இருக்குமா?"

"சொன்ன பேச்சுக் கேக்காத குட்டி நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா, இவ என்னத்தக் கத்துக்குவா?"

"புலி நல்லதுன்னு கத்துக்குவா."

"சிரிக்காதீங்க. இதை எழுதின மனுஷனுக்குப் பிள்ளை குட்டி இல்ல போல."

சதாசிவம் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நழுவினார்.

மனசு ஆறவில்லை. புஷ்பவள்ளி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

புலி பாய்ந்தது. குட்டியின் கழுத்தைக் கவ்வியது. 'ஆகையால், பிள்ளைகளே' என்று கீழே நாலு வரி உபதேசம்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"வயித்து வலி எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்க."

"அடடே, படிச்சுட்டியா?"

"பிள்ளை முகம் சுருங்கக் கூடாதுன்னு மாத்திப் படிச்சீங்களா? அவ பயப்படணும்னுதானே வாங்கினோம். நீங்க இப்படிச் செல்லம் கொடுத்து, நாளைக்கு அவ பின்னால போய், ஏதாவது..." பின்கதவைப் பார்த்தாள்.

"ஆசாரி காளியப்பன் சாயங்காலம் வர்றான். பின்கதவுக்கு அவ கைக்கு எட்டாத உயரத்துல தாழ்ப்பாள் போடச் சொல்லியிருக்கேன்."

"அது சரி. அதுக்காகப் பிள்ளைகிட்ட இல்லாத கதையைச் சொல்றதா?"

"பிள்ளைகிட்ட யாரு சொன்னா?" சதாசிவம் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "குட்டி வேலி தாண்டுறதுக்குள்ள அவ என் மடியில தூங்கிட்டா. புலி வந்ததும் என் கையை இறுக்கிப் பிடிச்சது நீதான்."