கடைவாய்ப் பல்

"அம்மா, என் பல்லை எங்கே காணோம்?"

பல்லாவரம் வீட்டு ஹாலில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள் ஸ்ம்ருதி. கீழ்க்கட்டளையில் பல் டாக்டர் போன வாரம் பிடுங்கிய கடைவாய்ப் பல். சின்ன டப்பாவில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தாள். நாளை நார்வேக்குப் பயணம். ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே வாழ்ந்த வைக்கிங் கடலோடிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு.

"தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள் ஞானாம்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "உடம்புலேர்ந்து விழுந்ததைக் கடல் தாண்டி எடுத்துண்டு போவாளா யாராவது?"

"ஐயோ! அது என்னோட சாம்பிள்மா. முன்னாடியெல்லாம் வாளையும் பழைய பாட்டையும் வெச்சுத்தான் வைக்கிங் வரலாறு எழுதினாங்க. இப்ப எலும்புக்கூட்டோட பல்லை லேப்ல கொடுத்தா, அவன் குழந்தையா எந்த ஊர்த் தண்ணி குடிச்சான்னே சொல்லிடலாம். என் பல்லை வெச்சு முதல்ல பழகிக்கறேன்னு ப்ரொஃபசர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!"

ஸ்ரீரங்கன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தி ரிட்டயர் ஆனவர். மூடநம்பிக்கை என்றால் சொந்தக்காரர்களிடமே சண்டைக்குப் போவார்.

"அம்மா சொல்றது சரிதான்," என்றார்.

ஸ்ம்ருதிக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்பாவா இப்படிப் பேசுகிறார்?

ஞானாம்பாள் மெதுவாகக் கேட்டாள். "ஏண்டி, அந்த எலும்புக்கூடு வேற ஊர்லேர்ந்து வந்தவனோடதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவேள்? தோண்டி எடுத்து அங்கே கொண்டுபோய்ப் புதைச்சுடுவேளா?"

ஸ்ம்ருதி சிரித்துவிட்டாள். "எதுக்கும்மா? போன வருஷம் ஒரு சின்னப் பையனோட புதைகுழியைப் பத்திப் படிச்சேன். எங்கேயோ தெற்கேயிருந்து வந்தவன். ஆனா பக்கத்துலயே, அந்த ஊர்லயே பிறந்த ஒரு அம்மா, அப்பா. அவன் கையில ஒரு மரக்குதிரை. அவன் அவங்க பையன்தான்."

ஞானாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப் போனவனுக்கு இப்ப ஏம்மா அழறே?"

ஸ்ரீரங்கன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து மகளின் அருகில் உட்கார்ந்தார்.

"உன்னை நாங்க முதல்முதலாப் பார்த்தது நாகப்பட்டினத்துலம்மா," என்றார். "சுனாமியில பெத்தவாளைப் பறிகொடுத்த குழந்தைகளை வெச்சிருந்த ஒரு காப்பகத்துல. அப்ப உனக்கு ரெண்டரை வயசு."