இறுகாத ஓரம்

கட்டைவிரல் உள்ளே போனது.

போகக் கூடாது. நேற்று மாலை பசை அடைத்த ஓரம் இந்நேரம் ரப்பர் மாதிரி விரலை எதிர்த்துத் தள்ள வேண்டும்.

அவள் அடுத்த கண்ணாடியின் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். அதுவும் களிமண்ணாய்க் குழைந்தது.

வாசலில் நின்ற லாரி இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை.

பிளேடை எடுத்து, ஜன்னலுக்கான இரட்டைக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து ஒரு கீற்றுப் பசையை அரிந்து வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், தலையில் நரை ஓடியதுபோல.

விஷயம் விளங்கிவிட்டது. வெள்ளைப் பசை பத்துப் பங்கு, கறுப்புப் பசை ஒரு பங்கு. இரண்டும் ஒன்றாகக் கலந்தால்தான் இறுகும். இங்கே இரண்டையும் கலந்து பிதுக்கும் பசைத் துப்பாக்கியின் மூக்கு அடைத்துக்கொண்டு, பாதி கலந்தும் கலக்காமலும் பிதுங்கியிருக்கிறது.

நேற்று அவள் சொந்த வேலையாகச் சீக்கிரம் கிளம்பியதால், துப்பாக்கியைப் பிடித்தவர் ஃபோர்மேன். மனிதர் இப்போது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஓரம்தானேக்கா? ஃப்ரேமுக்குள்ள போயிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"மழைக்குத் தெரியும் தம்பி."

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒருமுறை ஈரம் புகுந்துவிட்டால், உள்ளேயிருந்து துடைத்தாலும் போகாது, வெளியேயிருந்து துடைத்தாலும் போகாது. அது அவருக்கும் தெரியும்.

லாரிக்கென்று தள்ளி வைத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் மேஜைக்குத் திரும்பின. அவள் துப்பாக்கியின் மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினாள். ஒரு துளியைக் காகிதத்தில் பிதுக்கி, மடித்து, பிரித்தாள். வண்ணத்துப்பூச்சிபோல இரண்டு இறக்கை. மருந்துக்குக்கூட வெள்ளை இல்லை.

இனிப் பழையதைச் சுரண்டி, துடைத்து, புதிதாக அடைக்க வேண்டும். அது இறுக ஒரு ராத்திரி ஆகும். லோடு நாளைக் காலைதான்.

மறுபடி ஹாரன்.

"அந்த டிரைவர்கிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன்க்கா. காலையிலருந்து கால்ல வெந்நீர ஊத்தின மாதிரி நிக்கிறாரு."

"நான் சொல்லிக்கிறேன்" என்று அவள் வாசலுக்கு நடந்தாள்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். திட்டத் திறந்த வாய், அவளுடைய கறுத்த கைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

"நீயா நிறுத்துன?"

"நானேதாங்க."

என்ஜின் அணைந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பஸ் டிக்கெட்டுகளை எடுத்தார். இரண்டும் அன்று மாலைக்கானவை. ஒரு பெருமூச்சோடு அவற்றைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"சரி, நம்ம பொண்ணுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடு, நாளைக்குத்தான் வருவோம்னு."

"நீங்களே போடுங்க. கை பூரா பசை."

அவர் எண்ணை அழுத்தி, குனிந்து, ஃபோனை அவள் காதருகே பிடித்தார். மகள் 'ஹலோ' சொல்வதற்குள், பிறந்து மூன்றே நாளான ஒரு தொண்டை வீறிட்டது. ஜன்னல் வரைக்கும் கேட்டது.

டிரைவர் சிரித்துவிட்டார்.

"நான் விட்டாலும் பேத்தி விடமாட்டா போலிருக்கே!"